குரவைக்கு விட்ட இடம்

1

ஊருக்குப் புறப்பட நான்கு நாள் இருந்தது. காலை பதினொன்று பத்துக்கு வானொலியில் அந்த இசை மறுபடியும் வந்தது. ஓராண்டில் ஒன்பதாவது முறை. நான் சமையலறை மேசையில் மாத்திரைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு நாளுக்கு மூன்று, என் மனைவி செண்பகத்துக்கு இரண்டு. ஐம்பது நாள் பயணத்துக்கு இருநூற்றைம்பது. நூற்று முப்பது வரை எண்ணியிருந்தேன்.

"இனி நாம் கேட்கப் போவது பகவதியின் யாழ்," என்றார் அறிவிப்பாளர். "நான்காம் நிமிடத்தைக் கவனியுங்கள். ஒரு பறவை கூவத் தொடங்குகிறது. காற்று ஒரு முறை சீறுகிறது. அப்புறம் அந்த மௌனம். இவ்வளவு நீளமான மௌனத்தை விட இன்று எந்தக் கலைஞருக்குத் துணிச்சல் இருக்கிறது?"

பகவதி என் மகள். ஒரே மகள். முப்பத்தைந்து வயது. அயர்லாந்து நாட்டு யாழை வாசிக்கிறாள்.

அந்த இசையில் பறவையும் இல்லை, காற்றும் இல்லை. பறவை என்று அவர் சொன்னது செண்பகத்தை. காற்று நான்.

செண்பகம் எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ வேண்டிய பாத்திரம் ஒன்றுகூட இல்லை என்பதைப் பார்த்தேன். இசை முடியும்வரை தண்ணீர் ஓடியது. பிறகு அடைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "நூத்தி முப்பதுல நிக்குதேளு" என்றாள்.

ஊரில் சிலர் போனில், "ஓய், உம்ம மக பெரிய ஆளாயிட்டாளாமே?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன். போனை வைத்த பிறகு வாய் கசக்கிறது. நடந்தது என்ன என்பதை ஒரு முறையாவது முழுதாக எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

இங்கே வந்து இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வந்தோம் என்பதைவிட, செண்பகம் வந்தாள், நான் கூட்டிவரப்பட்டேன் என்பதே சரி. நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் அவள் செவிலி. அயர்லாந்தில் செவிலிகளுக்குத் தட்டுப்பாடு என்று ஆள் எடுத்தபோது தேறினாள். ஏழு மாதம் முன்னதாகவே போய்விட்டாள். நான் அரசு அலுவலகத்தில் குளங்களுக்கும் மடைகளுக்கும் பதிவேடு எழுதுகிற எழுத்தர். தோவாளை வட்டத்தில் எந்தக் குளத்துக்கு எத்தனை மடை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்த வேலையை விட்டுவிட்டு, பதினொரு வயதுப் பகவதியைக் கையில் பிடித்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டில் ஒரு முத்திரை குத்தினார்கள். அதற்கு எண் மூன்று. பொருள், இவர் மனைவியைச் சார்ந்து இருப்பவர், வேலை செய்யக்கூடாது. மூன்று ஆண்டு இரண்டு மாதம் அந்த முத்திரையின் கீழ் இருந்தேன். விண்ணப்பம் போடுவேன். பதில் வரும். ஒவ்வொரு பதிலின் தலையிலும் ஒரு யாழ் அச்சடித்திருக்கும். அதுதான் இந்த நாட்டின் சின்னம், நாணயத்திலும் இருக்கிறது. "வருந்துகிறோம்" என்ற சொல் எந்த வரியில் வரும் என்றுகூட எனக்கு மனப்பாடம். யாழை முதன்முதலாக நான் பார்த்தது அப்படித்தான். என்னைச் சும்மா இரு என்று சொல்லும் காகிதத்தின் தலையில்.

செண்பகம் பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு வருவாள். நான் சோறு வைத்திருப்பேன். பக்கத்து வீட்டு அம்மையார் ஒரு நாள், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். ஓய்வு பெற்றுவிட்டேன் என்றேன். அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது.

வேலை செய்ய அனுமதி இல்லாத மனிதன் வீட்டுக்குள் சட்டம் போடுவான். நான் போட்டேன். பேருந்தில் உரக்கப் பேசக்கூடாது. ஜன்னலைத் திறந்துவைத்துக் கருவாடு வறுக்கக்கூடாது. ஊருக்குப் போன் பேசும்போது கத்தக்கூடாது. தோட்டத்திலிருந்து பிள்ளையைக் கூவிக் கூப்பிடக்கூடாது. இப்படிப் பதினொன்று. "நாலு பேரு என்ன நினைப்பான்" என்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அண்மையில் அவற்றை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பதினொன்றில் ஏழு, செண்பகத்தின் தொண்டையைப் பற்றியவை.

பிறகு முத்திரை மாறியது. ஒரு கிடங்கில் சரக்கு எண்ணும் வேலை கிடைத்து, பதினான்கு ஆண்டு பிஸ்கட் பெட்டிகளையும் சோப்புகளையும் எண்ணினேன். சட்டங்கள் மட்டும் மாறவில்லை.

3

பகவதிக்குப் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்து இசை அறையில் ஒரு யாழ் இருந்தது. வீட்டுக்கு வந்து, அதைத்தான் படிக்கப் போகிறேன் என்றாள்.

"லெட்டர்ல போட்டிருக்க சாமானத்த வச்சு நீ என்ன செய்யப்போற?" என்றேன்.

செண்பகம்தான் சேர்த்துவிட்டாள். முப்பத்து நான்கு நரம்பு. எல்லாம் ஒன்றுபோல இருந்தால் கண் தப்பிவிடும் என்று ஒவ்வொரு சுரவரிசையிலும் ஒரு நரம்பு சிவப்பு, ஒன்று கறுநீலம். ஒவ்வொரு நரம்பின் தலையிலும் சுரத்தை அரைப்படி ஏற்ற ஒரு சிறு நெம்பு. அவள் நரம்புகளைச் சுருதி கூட்டுகிற நேரத்தில் நான் ஒரு பானை சோறு வடித்துவிடலாம். ஒன்பது ஒன்பதாகத் துள்ளிப்போகும் ஆட்ட மெட்டுகளும், செத்த வீட்டு மணம் வீசுகிற நெடிய மெட்டுகளும் கற்றாள். இந்த நாட்டுக்காரர்களே கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் அளவுக்கு வாசித்தாள்.

அதோடு நின்றிருந்தால் எனக்குப் பெருமையாக இருந்திருக்கும். அவள் நிற்கவில்லை. ஸ்பெயின் நாட்டுக் கிதார்க்காரர் ஒருவரோடு இரண்டு ஆண்டு சுற்றினாள். மாலி நாட்டிலிருந்து வந்த கோரா வாத்தியக்காரர் ஒருவரோடு ஓராண்டு. கோரா என்பது சுரைக்குடுக்கையில் செய்த யாழ். அதன் பிறகுதான், மணி கட்டிய வில்லை வீசுகோலால் அடித்தும் குடத்தைத் தட்டியும் கதை பாடுகிற நம்மூர் வில்லுப்பாட்டில் வந்து விழுந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு நாள் கேட்டாள்.

"அப்பா, வில்லடிக்கப்ப வீசுகோலு விழுந்த பொறவு குடம் எத்தனாவது தட்டுல விழும்?"

"அதத் தெரிஞ்சு நீ என்ன செய்யப்போற? பெரிய ஹால்ல கச்சேரி செய்யக்கூடியவ, கோயில் கொடைக்கு வில்லடிக்கவா போற?"

"உங்களுக்கு ஓர்ம இருக்கா, இல்லியா?"

"இல்ல."

பொய். பத்தொன்பது வயதில் குடக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு இரவும் ஒரு பகலும் தட்டுகளை எண்ணியவன் நான். கேட்டிருந்தால் விரலால் மேசையில் அடித்தே காட்டியிருப்பேன்.

"அம்மைட்ட குடுங்கோ," என்றாள்.

என்னோடு ஏழு நிமிடம், அம்மையோடு நாற்பத்தொரு நிமிடம். அந்தக் கணக்கு ஏன் அப்படி என்று அப்போது எனக்குப் புரியவில்லை. அடுத்த மூன்று மாதமும், அவர்கள் பேசும்போது செண்பகம் மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

4

குரவை என்றால் என்னவென்று நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி. நல்ல காரியத்தில் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்பும் கூவல் அது. கல்யாணத்தில் உண்டு, அம்மன் கோயில் விழாவான கொடையில் உண்டு.

எங்கள் ஊர் பூதப்பாண்டிக்குத் தெற்கே, வயலுக்கு நடுவில். முத்தாரம்மன் கொடையில் மத்தியான வேளை வில்லுப்பாட்டு நடக்கும்போது, கதையில் அம்மன் பிறக்கும் இடம் வரும். அங்கே பாட்டுக்காரர் சட்டென்று நிறுத்திவிடுவார். வில்மணியும் நிற்கும், குடமும் நிற்கும். பெண்கள் குரவை இட்டால்தான் பிறப்பு. குரவை விழாமல் அவர் அடுத்த அடிக்குப் போகமாட்டார். போகவும் கூடாது.

அந்த இடத்தில் முதல் குரல் செண்பகத்துடையது. யாரும் தேர்ந்தெடுத்து வைத்ததல்ல. அவள் தொடங்கினால் மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் கல்யாணத்தன்று குரவை கொஞ்சம் மெலிந்து கேட்க, மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த மணப்பெண்ணே தலையைத் தூக்கி ஒன்று போட்டுவிட்டாள். இன்றும் ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். நான் அன்றைக்கே வெட்கப்பட்டேன். இப்போது யோசித்தால், பதினொரு சட்டங்களுக்கும் முன்னால் ஒரு சட்டம் அன்றைக்கே எழுதியாகிவிட்டது போலிருக்கிறது.

அயர்லாந்து புறப்படுவதற்கு முந்திய ஆண்டுக் கொடையில் பகவதி அம்மையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குரவைக்காக எல்லா வாத்தியமும் காத்து நின்றதை அவள் மறக்கவில்லை. நான்தான் மறந்ததாகச் சொன்னேன்.

5

கால்வே நகரில் ஒரு பழைய தேவாலயத்தை அரங்காக மாற்றியிருந்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு இருக்கை. தொடங்கும்போது இருபத்து மூன்று காலி. வாசலில் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடு கொடுத்தார்கள். மூன்றாம் பக்கம் வரை வாசித்தேன். பிறகு இருக்கைகளை எண்ணப் போய்விட்டேன். செண்பகம் தன்னுடையதைத் திறக்காமலே மடியில் வைத்திருந்தாள். மாம்பழ நிறப் பட்டுச்சேலை. மேலே கோட்டு போட்டுக்கொள் என்றால் கேட்கவில்லை. காலையிலிருந்து நான்கு முறை கருப்பட்டி கலந்த வெந்நீர் குடித்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அன்றைய நிகழ்ச்சியை வானொலிக்காக நேரடியாகப் பதிந்தார்கள். கூரையிலிருந்து ஆறு ஒலிவாங்கிகள் தொங்கின. அதையும் எண்ணினேன்.

ஐந்தாவது உருப்படி. பகவதி முதலில் ஒரு நெடிய மெட்டை எடுத்தாள். இந்த நாட்டில் முன்பு செத்தவர்களுக்காகப் பெண்கள் ஓலமிட்டுப் பாடியதாம், அந்த மெட்டு. சபையில் ஒரு இருமல் இல்லை. அப்படியே இருந்து, கீழ் நரம்புகள் மெல்ல நடை மாறின. யாழின் முன்தூணில் ஏழு சிறு மணிகள் கட்டியிருந்தாள். இரண்டு கோல்களை எடுத்துத் தடித்த நரம்புகளில் தட்டத் தொடங்கினாள். முத்தாரம்மன் கோயில் பந்தல் தேவாலயத்துக்குள் வந்துவிட்டது. குடம் விழுகிற தட்டு சரியாக விழுந்தது. நான் சொல்லிக்கொடுக்காமலே விழுந்தது.

நடை ஏறி ஏறி வந்து சட்டென்று நின்றது. பகவதி இரண்டு கைகளையும் நரம்புகளிலிருந்து எடுத்து மேலே தூக்கினாள்.

என் பக்கத்தில் செண்பகம் மூச்சை இழுத்தாள். முகத்தை நிமிர்த்தினாள். குரவை கிளம்பியது.

முன்வரிசைகளில் ஏழு தலைகள் திரும்பின. நான் அந்த ஏழையும் பார்த்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை. அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, "ஷ்! மானத்த வாங்காதட்டி" என்றேன்.

நின்றுவிட்டது. ஒரு நொடிகூட முழுதாக இருந்திராது.

மேடையில் பகவதியின் கைகள் அப்படியே நின்றன. அரங்கில் ஒரு சத்தமும் இல்லை. என் பழக்கத்துக்கு நான் மனதுக்குள் தட்டுகளை எண்ணினேன். பதினாறு. பிறகு அவள் கைகள் இறங்கின. யாழ் மேலே போனது. முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் எழுந்து நின்று தட்டினேன். செண்பகம் உட்கார்ந்திருந்தாள். அவள் மணிக்கட்டில் என் விரல்கள் நான்கும் சிவப்பாகத் தெரிந்தன.

வெளிக்கூடத்துக்கு வந்த மகள் ஆட்களை விலக்கிக்கொண்டு நேராக அம்மையிடம் போனாள்.

"என்னம்மே, தொண்ட அடைச்சிட்டா?"

"இல்ல மக்கா. அப்பாக்கு வெக்கமும் வெப்ராளமும் வந்திட்டு."

பகவதி என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த கையேட்டை வாங்கி, ஆறாம் பக்கத்தைத் திறந்து திருப்பிக் கொடுத்தாள். அங்கேயே நின்று வாசித்தேன். யாழ் இந்த இடத்தில் பதினாறு தட்டு நிற்கும் என்று எழுதியிருந்தது. என் ஊரில் பெண்கள் குரவை இடாமல் கதை நகராது, இன்று என் தாய் அவையிலிருந்து குரவை இடுவார் என்று எழுதியிருந்தது. இந்த நாட்டுப் பெண்களின் ஓலத்தை வெட்கக்கேடு என்று சொல்லிச் சொல்லிப் பாதிரிமார் அடக்கினார்கள், அடங்கிய அந்தக் குரலுக்கு அடங்காத ஒரு குரல் பதில் சொல்லட்டும் என்று எழுதியிருந்தது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"சொன்னா விட்டிருப்பேளா?"

கையேட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"மூணு மாசம் போன்ல பிராக்டிஸ் செய்தோம். ஞாயிறாச்ச ஞாயிறாச்ச." அவளுக்கு அதற்கு மேல் தமிழ் வரவில்லை. ஆங்கிலத்துக்குப் போனாள், அதிலும் பாதியில் நின்றுவிட்டாள். யாரோ வந்து அவள் கையைக் குலுக்கி, அந்த மௌனம் அற்புதம் என்றார்.

6

செண்பகம் என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலை எப்போதும்போலத் தேயிலை போட்டுக் கொடுத்தாள். எனக்கு அரைக்கரண்டி சீனி, அதிலும் குறை வைக்கவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேச எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்துப் பகவதி வந்தாள். இசைத்தட்டு ஒன்று போடுகிறாள். அந்த உருப்படிதான் அதில் கடைசி. "ஸ்டூடியோவுக்கு வாங்கம்மே. பத்து நிமிஷம் போதும்."

"வராது மக்கா."

"வீட்ல வச்சே எடுக்கலாம்."

"தொண்டயில இல்ல. உள்ள அடைச்சுப் போச்சு. வேற யாரயாவது வச்சுக்கோ."

"வேற யாரும் வேண்டாம்," என்றாள் பகவதி. "நீங்க போடல்லண்ணா, அண்ணைக்கு உள்ளதுதான் தட்டுல வரும். அப்பா 'ஷ்' சொன்னதும் சேத்து."

மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் செண்பகம் அதையே சொன்னாள். மூன்றாம் முறை மகள் ஒரு கெடுவும் சொன்னாள். பங்குனி கடைசிக்குள் ஒலிக்கோப்புகளைக் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு அந்தப் பதினாறு தட்டு வெறுமை என்றென்றைக்கும் நிற்கும். அதன் தொடக்கத்தில் என் சத்தம் நிற்கும். அதைக் காற்று என்று நினைத்து ஆட்கள் பாராட்டுவார்கள். பறவை யாரென்று மட்டும் யாருக்கும் தெரியாது.

இந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்பார்கள். கடையில் நம் காலை மிதித்தாலும் அவர்கள் கேட்பார்கள், அவர்கள் காலை நாம் மிதித்தாலும் அவர்களே கேட்பார்கள். நானும் பழகிவிட்டேன். ஒரு சனிக்கிழமை காய்கறிக் கடையில் எண்ணினேன். நுழைந்து வெளியே வருவதற்குள் பதினான்கு முறை 'சாரி' சொல்லியிருந்தேன். ஒன்று தள்ளுவண்டிக்கு, அதில் ஆளே இல்லை. செண்பகத்திடம் நாற்பத்து மூன்று ஆண்டில் சொன்னது பூச்சியம். ஒரு முறை காரில், சிவப்பு விளக்கில் நிற்கும்போது, "அண்ணைக்கு..." என்று தொடங்கினேன். விளக்கு பச்சையானது. "போங்கோ, பின்னால ஆளு நிக்கான்" என்றாள். போய்விட்டேன்.

7

அண்ணன் பேத்திக்குக் கல்யாணம். அதற்காகத்தான் ஊருக்குப் போனோம். அண்ணன் இறந்து இரண்டு ஆண்டு ஆகிறது. ஆகவே வீட்டுக்கு மூத்த ஆண் நான். கால்நாட்டு என் கையால்தான் நடக்க வேண்டும். பந்தலின் முதல் காலை நட்டு, பால் விட்டு, "கொரவ போடுங்கம்மா" என்று மூத்தவர் சொல்ல வேண்டும். பெண்கள் போடுவார்கள். கல்யாண வீடு அப்போதுதான் கல்யாண வீடாகும். அந்தப் பொறுப்பு என் தலைக்கு வந்ததை விமானத்தில் வைத்துத்தான் உணர்ந்தேன். பதினாறு மணி நேரப் பயணத்தில் வேறு எதையும் எண்ண முடியவில்லை.

பகவதியும் பத்து நாள் விடுப்பில் வந்திருந்தாள். கைப்பையில் ஒரு சின்னப் பதிவுக்கருவி. யாரிடமும் அவள் எதுவும் கேட்கவில்லை. முற்றத்து முருங்கையில் அதைக் கட்டித் தொங்கவிட்டாள், அவ்வளவுதான்.

காலை ஏழு இருபது. கும்பப்பூ நெல் அறுப்பு தொடங்கியிருந்ததால் ஊர் முழுக்க வைக்கோல் மணம். தாடகை மலைமேல் மேகம். முற்றத்தில் நாற்பது பேர் இருக்கும், முப்பத்தெட்டு. பந்தல்காரர் தங்கையன் குழி எடுத்து வைத்திருந்தார். காலின் உச்சியில் மாவிலையும், நவதானியம் முடிந்த மஞ்சள் துணியும். பாலை விட்டேன். காலைப் பிடித்து இறக்கினோம். தங்கையன் மண்ணைத் தள்ளி உலக்கையால் இடிக்கத் தொடங்கினார்.

"அண்ணாச்சி, சொல்லுங்கோ," என்றார்.

"கொரவ போடுங்கம்மா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை உரக்கச் சொன்னேன்.

பெண்கள் எல்லோரும் செண்பகத்தைப் பார்த்தார்கள். செண்பகம் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏட்டி செண்பகம்," என்றார் அண்ணன் மனைவி பார்வதி மைனி, பின்னால் நாற்காலியில் இருந்து. எழுபத்தெட்டு வயது, நாக்குக்கு இருபது. "அயர்லாந்துல வாயக் கழத்தி வச்சிட்டா வந்த? நான் தாலியறுத்தவ, போடப்பிடாது. நீதான் எடுக்கணும். எடுட்டி."

"அவருட்ட கேளுங்கோ அக்கா," என்றாள் செண்பகம். "நான் கொரவ போட்டா அவருக்கு மானம் போயிரும்."

யாரோ சிரித்தார்கள். வேடிக்கை என்று நினைத்திருப்பார்கள். மைனி சிரிக்கவில்லை.

"என்ன தாணு, என்னடே செய்த அவள?" என்று என்னைக் கேட்டார்.

முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தெட்டு முகமும் என் பக்கம் திரும்பியது. கால்வேயில் ஏழு தலைக்குப் பயந்தவன் நான். சாரி என்ற சொல் நாக்கில் வந்து நின்றது. தள்ளுவண்டிக்குச் சொன்ன சொல், அதை விழுங்கினேன். வேறு சொல் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. ஆகவே நடந்ததையே சொன்னேன்.

"மகளுக்க கச்சேரியில இவ கொரவ போட்டா, மைனி. மக போடச் சொல்லித்தான் போட்டா. நான் கையப் பிடிச்சு நெரிச்சு, வாய மூடச் சொன்னேன். நாலு பேரு பாக்கான்னு. நான் செய்தது தப்பு." அவள் பக்கம் திரும்பினேன். "செண்பகம், நீ போடு."

பலர் முன்னால் அவளைப் பெயர் சொல்லி நான் கூப்பிட்டது அதுதான் முதல்.

"சவத்த மூதி," என்றார் மைனி மெதுவாக. அது எனக்கு.

செண்பகம் இப்போது மரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. தங்கையன் என்ன செய்வதென்று தெரியாமல் இடித்துக்கொண்டே இருந்தார். திம், திம் என்று உலக்கை விழுந்தது. ஒவ்வொரு இடிக்கும் அவள் பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி ஏறி நகர்வதைப் பார்த்தேன். நாடி பார்க்கிறவளின் விரல். நானும் எண்ணினேன். வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு? ஐந்து. ஒன்பது. மஞ்சள் துணி காற்றில் அடித்துக்கொண்டது. பன்னிரண்டு. மூத்த ஆண் ஒருவன் நட்ட காலைப் பிடித்துக்கொண்டு, குரவை விழாத முற்றத்தில், கண்ணில் நீரோடு நிற்பதை ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. மேடையில் கையைத் தூக்கியபடி நின்ற மகளுக்கு அந்தப் பதினாறு எவ்வளவு நீளமாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

செண்பகம் முகத்தை நிமிர்த்தினாள்.

அதை எழுத்தில் எழுத எனக்குத் தெரியவில்லை. அறுபத்தாறு வயதுத் தொண்டை. தொடக்கத்தில் கொஞ்சம் கரகரத்தது, பிறகு திறந்துகொண்டது. பதினொரு பெண்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த வீட்டு நாய் குரைத்தது. மாடியிலிருந்து கல்யாணப்பெண் எட்டிப் பார்த்தாள். தங்கையன் உலக்கையைச் சாய்த்துவிட்டு முகத்தைத் துண்டால் துடைத்தார். பகவதி முருங்கையடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

காலைப் பலகாரம் புட்டும் பயறும் பப்படமும். பந்தியில் செண்பகம் பரிமாறிக்கொண்டு வந்தாள். என் இலைக்கு முன்னால் நின்றாள்.

"எண்ணினேளா?"

"எண்ணினேன்."

"எத்தற?"

"பதினாறு."

"பதினேழு," என்றாள். புட்டை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

நான் தப்பாக எண்ணுகிறவன் அல்ல. பதினான்கு ஆண்டில் கிடங்கில் ஒரு பெட்டி பிசகியதில்லை. கை கழுவிவிட்டுப் பகவதியிடம் போனேன். அவள் ஒன்றும் கேட்காமல் கருவியின் செவிக்குழாயை என் காதில் மாட்டிவிட்டாள். மைனி என்னைத் திட்டுவது கேட்டது. அதன் பின் உலக்கை. கண்ணை மூடிக்கொண்டு விரல்விட்டு எண்ணினேன். குரவை எழுந்தது. மறுபடி முதலிலிருந்து போடச் சொல்லி, மறுபடி எண்ணினேன்.

பதினேழுதான். ஒன்றை விட்டிருக்கிறேன். எந்த இடத்தில் என்று இன்னும் தெரியவில்லை.